முழங்கால் வலிக்குக் கொலாஜன்: குறைக்குமா, வளர்க்குமா?

கேள்வி இதுதான்: "அம்மாவுக்கு 58 வயது. இரண்டு வருடமாக முழங்கால் வலி. எக்ஸ்-ரே எடுத்துப் பார்த்து, தேய்மானம் ஆரம்பித்திருக்கிறது என்று சொன்னார்கள். தெரிந்தவர்கள் எல்லோரும் கொலாஜன் பவுடர் குடிக்கச் சொல்கிறார்கள். குடித்தால் வலி குறையுமா? தேய்ந்த ஜவ்வு திரும்ப வளருமா? எவ்வளவு நாள் குடிக்க வேண்டும்?"

அவசரமாகப் பதில் வேண்டுமென்றால்: வலி சிலருக்குக் கொஞ்சம் குறையலாம். தேய்ந்தது வளராது. மூன்று மாதம் குடித்துப் பார்ப்பதில் பெரிய தவறில்லை, ஆனால் அதை மட்டும் நம்பி உட்கார்ந்துவிடக் கூடாது. ஏன் இப்படி இழுத்து இழுத்துச் சொல்கிறேன் என்று தெரிந்துகொள்ள ஆசைப்பட்டால் தொடர்ந்து படியுங்கள்.

அதற்கு முன் ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் பிசியோதெரபிஸ்ட். உடற்பயிற்சி சொல்லிக்கொடுத்துப் பிழைக்கிறவன். ஆகவே பவுடரைவிடப் பயிற்சிதான் உசத்தி என்று நான் பேசும் இடங்களில் என் தொழில் புத்தியும் கொஞ்சம் கலந்திருக்கும். அதைக் கழித்துக்கொண்டு வாசியுங்கள்.

கொலாஜன் ஒன்றும் புதிதாகக் கண்டுபிடித்த மருந்து இல்லை. நம் உடம்பிலுள்ள புரதத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அதுதான். தோல், எலும்பு, தசைநாண், ரத்தக்குழாயின் சுவர் என்று எங்கெல்லாம் இழுப்பைத் தாங்க வேண்டியிருக்கிறதோ அங்கெல்லாம் அது இருக்கிறது. மூன்று இழைகளைச் சேர்த்து முறுக்கிய கயிறு மாதிரி அதன் அமைப்பு. அந்த முவ்விழை அமைப்பை 1954இல் முன்வைத்தவர்கள் சென்னைப் பல்கலைக்கழகத்தில் இருந்த ஜி. என். இராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும். கொலாஜன் என்று யார் பேச்செடுத்தாலும் எனக்கு டப்பாவுக்கு முன்னால் இவர்கள்தான் நினைவுக்கு வருவார்கள்.

இந்தக் கயிற்றில் 28 வகைகளை இதுவரை அடையாளம் கண்டிருக்கிறார்கள். நம் விஷயத்துக்கு இரண்டு போதும். முதல் வகை, தோலிலும் எலும்பிலும் இருப்பது. இரண்டாம் வகை, மூட்டுக்குள் எலும்பு முனைகளை மூடியிருக்கும் குருத்தெலும்பில் இருப்பது. 'ஜவ்வு' என்ற சொல்தான் இங்கே குழப்பத்தை உண்டாக்குகிறது. குருத்தெலும்பையும் ஜவ்வு என்கிறோம், இரண்டு எலும்புகளுக்கு நடுவில் பிறை வடிவில் இருக்கும் மெத்தையையும் ஜவ்வு என்கிறோம், எலும்புகளை இழுத்துக் கட்டியிருக்கும் தசைநாரையும் ஜவ்வு என்கிறோம். விளையாடும்போது 'ஜவ்வு கிழிந்துவிட்டது' என்பது ஒரு கதை, வயதானபின் 'ஜவ்வு தேய்ந்துவிட்டது' என்பது வேறு கதை. உங்கள் அம்மாவுக்குச் சொல்லியிருப்பது இரண்டாவது கதை: குருத்தெலும்புத் தேய்மானம்.

சரி, கொலாஜனை வாயால் குடித்தால் அது முழங்காலுக்குப் போகுமா?

இதற்குச் சந்தேகப்படுகிறவர்கள் வழக்கமாகச் சொல்லும் பதில், "முடியைத் தின்றால் முடி வளருமா?" என்பது. வயிற்றுக்குள் போகும் எந்தப் புரதமும் அமினோ அமிலங்களாக உடைந்துவிடும், அது கொலாஜனிலிருந்து வந்ததா பருப்பிலிருந்து வந்ததா என்று உடம்புக்குத் தெரியாது என்பார்கள். நானும் பல வருடம் இதையே சொல்லிக்கொண்டிருந்தேன். இது முழுக்கச் சரியில்லை. கொலாஜனில் ஹைட்ராக்ஸிபுரோலின் என்ற ஒரு அமினோ அமிலம் நிறைய உண்டு, மற்ற உணவுப் புரதங்களில் அதைப் பார்ப்பதே அரிது. அது புரோலின் என்ற இன்னொரு அமினோ அமிலத்தோடு ஜோடி சேர்ந்து நிற்கும்போது குடலின் நொதிகளால் அந்த ஜோடியை எளிதில் பிரிக்க முடிவதில்லை. அந்த ஜோடி அப்படியே ரத்தத்துக்குள் நுழைவதை 2005இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் மனிதர்களிடம் காட்டினார்கள். அதற்கு முன்பே, 1999இல், ஜெர்மனியில் சுண்டெலிகளுக்குக் கதிரியக்கக் கார்பனால் அடையாளமிட்ட ஜெலட்டின் (முறுக்கு அவிழ்ந்த கொலாஜன்) கொடுத்துப் பார்த்தபோது அந்த அடையாளம் குருத்தெலும்பிலும் சேர்ந்திருந்தது. ஆகவே "எதுவும் போய்ச் சேராது" என்று ஒரேயடியாகத் தள்ள முடியாது.

ஆனால் போய்ச் சேர்வது வேறு, கட்டடமாக எழும்புவது வேறு. செங்கல் லாரி வாசலுக்கு வந்துவிட்டால் சுவர் தானாக எழும்பாது, கொத்தனார் வேண்டும். குருத்தெலும்பில் பஞ்சமே கொத்தனாருக்குத்தான். அதற்குள் ரத்தக்குழாய் கிடையாது. மூட்டுத் திரவத்திலிருந்து கசிந்து வருவதை வைத்துத்தான் அது பிழைக்கிறது. உள்ளே இருக்கும் செல்கள், கன அளவில் பார்த்தால், மிகச் சொற்பம். மீதியெல்லாம் தண்ணீரும், அந்தத் தண்ணீரைப் பிடித்து வைக்கும் சர்க்கரைச் சங்கிலிகளும், அவற்றை இறுக்கிக் கட்டியிருக்கும் கொலாஜன் வலையும்தான்.

அந்த வலை எவ்வளவு காலத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படுகிறது? 2000ஆம் ஆண்டில் வந்த ஒரு கணக்கின்படி, மனிதக் குருத்தெலும்பின் கொலாஜனில் பாதி மாறுவதற்கு 117 ஆண்டுகள் ஆகும். தோலில் அதே பாதி மாற ஏறக்குறைய 15 ஆண்டுகள். 117 ஆண்டு என்றால் ஒரு ஆயுளில் மாறாது என்றுதான் அர்த்தம். இதை வேறு வழியில் சோதித்துப் பார்த்த ஒரு ஆய்வு 2016இல் டென்மார்க்கிலிருந்து வந்தது. எனக்கு மிகவும் பிடித்த ஆய்வு, கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

1950களிலும் 60களின் தொடக்கத்திலும் வல்லரசுகள் திறந்த வெளியில் அணுகுண்டுகளை வெடித்துச் சோதித்தன. அதனால் காற்றிலிருந்த கார்பன்-14இன் அளவு ஏறக்குறைய இரண்டு மடங்கானது. 1963இல் அந்தச் சோதனைகளைத் தடை செய்யும் உடன்படிக்கை வந்தபின் அது படிப்படியாக இறங்கத் தொடங்கியது. காற்றிலிருந்து செடிக்கு, செடியிலிருந்து நமக்கு என்று அந்தக் கார்பன் எல்லோர் உடம்புக்குள்ளும் போனது. ஆகவே உடம்பின் எந்தப் பகுதி எந்த ஆண்டில் உருவானது என்பதற்கு அது ஒரு தேதி முத்திரை மாதிரி. ஆய்வாளர்கள் முழங்கால் குருத்தெலும்பின் கொலாஜனை எடுத்து அந்த முத்திரையைப் படித்தார்கள். அந்த மனிதர்கள் வளர்ந்துகொண்டிருந்த வயதின் முத்திரையே அதில் இருந்தது. அதாவது, பெரியவர்களான பிறகு அந்தக் கொலாஜன் வலை ஏறக்குறைய மாறவே இல்லை. நல்ல முழங்காலிலும் அப்படித்தான், தேய்மானம் வந்த முழங்காலிலும் அப்படித்தான்.

இதைப் படித்தபின் "பவுடர் குடித்தால் ஜவ்வு வளரும்" என்ற விளம்பர வாசகத்தை என்னால் சிரிக்காமல் வாசிக்க முடிந்ததில்லை. வலைக்குள் தண்ணீரைப் பிடித்து வைக்கும் பகுதி மட்டும் ஓரளவு புதுப்பிக்கப்படுகிறது. 2011இல் வெறும் 30 பேரை வைத்துச் செய்த ஒரு முன்னோட்ட ஆய்வில், 24 வாரம் கொலாஜன் குடித்தவர்களின் எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் அந்தப் பகுதி சார்ந்த ஒரு அளவீடு கொஞ்சம் மேம்பட்டிருந்தது. விற்பனையாளர்கள் எடுத்துக்காட்டுவது பெரும்பாலும் இதைத்தான். குருத்தெலும்பு தடிமனானதாக அதில் காட்டவில்லை.

அப்படியென்றால் வலிக்கும் பயன்படாது என்று முடித்துவிடலாமா? முடியாது. வளர்ச்சியும் வலியும் இரண்டு தனித்தனிக் கேள்விகள். குருத்தெலும்பில் ரத்தக்குழாய் மட்டுமல்ல, நரம்பும் கிடையாது. அது தேய்வது நேரடியாக வலிக்காது. வலிப்பது அதற்கு அடியிலுள்ள எலும்பு, மூட்டை உள்ளே மூடியிருக்கும் சவ்வில் வரும் அழற்சி, சுற்றியிருக்கும் உறை, தசைநார், பலவீனமான தசையின் இழுப்பு இவையெல்லாம்தான். அதனால்தான் எக்ஸ்-ரேயில் மோசமாகத் தேய்ந்திருப்பவர் மாடி ஏறி இறங்குகிறார், லேசாகத் தேய்ந்திருப்பவர் நாற்காலியிலிருந்து எழவே முனகுகிறார். படத்துக்கும் வலிக்கும் உள்ள உறவு மிகவும் தளர்ந்தது. ஆகவே ஒரு பொருள் குருத்தெலும்பை ஒரு துளியும் வளர்க்காமலேயே, அழற்சியைக் கொஞ்சம் தணித்து வலியைக் குறைக்க இடமிருக்கிறது. கொலாஜனுக்கு வாய்ப்பு இருக்குமானால் அது இந்த வழியில்தான்.

விற்பனையில் இருப்பவை இரண்டு வேறு வேறு பொருட்கள், பெயர் மட்டும் ஒன்று. டப்பாவில் பவுடராக வருவது பெரும்பாலும் உடைத்த கொலாஜன், அதாவது கொலாஜன் பெப்டைடு. மாடு, பன்றி, மீன் இவற்றின் தோல், எலும்பு, செதிலிலிருந்து எடுத்து, நொதி கொண்டு சின்னச் சின்னத் துண்டாக வெட்டியது. ஆய்வுகளில் ஒரு நாளைக்குப் பெரும்பாலும் 10 கிராம் கொடுத்திருக்கிறார்கள். இன்னொன்று, சிதைக்காத இரண்டாம் வகை கொலாஜன். கோழியின் நெஞ்சுக் குருத்தெலும்பிலிருந்து, சூடாக்காமல், அந்த முவ்விழை முறுக்கு கலையாதபடி எடுப்பது. இதன் அளவு நாளைக்கு வெறும் 40 மில்லிகிராம், சின்ன கேப்சூல். "அங்கே 10 கிராம், இங்கே 40 மில்லிகிராம், ஏமாற்றுகிறார்களா?" என்று பலர் கேட்பார்கள். ஏமாற்று இல்லை, வேலை செய்யும் விதமே வேறு. இது செங்கல் கொடுக்கும் கணக்கில் வராது. குடலிலுள்ள நோய் எதிர்ப்புச் செல்களுக்கு முழு வடிவில் இந்தப் புரதத்தைக் காட்டிப் பழக்கி, மூட்டிலிருக்கும் இதே புரதத்தைக் கண்டு கொதிப்படையாமல் இருக்கச் செய்வதுதான் நோக்கம். இந்த யோசனை பிறந்தது தேய்மானத்துக்காக இல்லை. நோய் எதிர்ப்புச் செல்களே மூட்டைத் தாக்கும் முடக்குவாதத்துக்காக 1993இல் 60 நோயாளிகளிடம் செய்து பார்த்த ஒரு சோதனை நம்பிக்கை தந்தது. பிற்பாடு நடந்த சோதனைகள் அந்த நம்பிக்கையை ஒரே மாதிரி காப்பாற்றவில்லை.

இந்தச் சிதைக்காத கொலாஜனை வெந்நீரிலோ சூடான பாலிலோ கலக்கினால் காசைக் கரைத்த மாதிரிதான், சூடு பட்டால் முறுக்கு அவிழ்ந்து ஜெலட்டினாகிவிடும். பெப்டைடு பவுடருக்கு அந்தக் கவலை இல்லை, அது ஏற்கெனவே துண்டு துண்டானது.

இப்போது ஆய்வுகள். இங்கே கொஞ்சம் பொறுமை வேண்டும், ஏனென்றால் மேலோட்டமாகப் பார்த்தால் கொலாஜன் ஜெயித்துவிட்டது போலவே தோன்றும்.

2008இல் அமெரிக்காவின் பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில், மூட்டு வலி இருந்த 147 விளையாட்டு வீரர்களுக்கு 24 வாரம் தினம் 10 கிராம் பெப்டைடோ, பார்க்க அதே மாதிரி இருக்கும் ஆனால் கொலாஜன் இல்லாத போலிப் பொருளோ கொடுத்தார்கள். சில அளவீடுகளில் கொலாஜன் குடித்தவர்களுக்கு வலி கூடுதலாகக் குறைந்தது. 2016இல் இந்தியாவில் பல மையங்களில் நடந்த ஒரு ஆய்வில், முழங்கால் தேய்மானம் உள்ள 191 பேர் 180 நாள் கலந்துகொண்டார்கள். ஒரு குழுவுக்கு 40 மில்லிகிராம் சிதைக்காத கொலாஜன், ஒரு குழுவுக்கு மூட்டுக்கென்று விற்கும் வேறு சத்துப் பொருட்களான குளுக்கோசமைனும் காண்ட்ராய்டினும், ஒரு குழுவுக்குப் போலி மாத்திரை. கொலாஜன் குழுவே முன்னால் நின்றது. 2019இல் ஐந்து சோதனைகளை, 519 பேரை, ஒன்றாகச் சேர்த்துக் கணக்கிட்ட ஒரு தொகுப்பாய்வு, 100 புள்ளி வலி அளவுகோலில் போலிப் பொருளைவிட 16, 17 புள்ளி கூடுதலாகக் குறைகிறது என்றது. அதே ஆய்விலேயே, வோமாக் என்ற இன்னொரு அளவுகோலின் வலிப் பகுதியைத் தனியாகப் பார்த்தபோது தெளிவான வித்தியாசம் இல்லை; விறைப்பில் மட்டும் இருந்தது. முதல் எண்ணைத் தலைப்பில் போட்டு இரண்டாவதை மறந்துவிடுவது விளம்பரக்காரர்களின் வழக்கம்.

மறுபக்கம், 2020இல் நெதர்லாந்தில் முழங்கால் வலி இருப்பதாகச் சொன்ன, மற்றபடி ஆரோக்கியமாக ஓடியாடிக்கொண்டிருந்த 167 பேருக்கு 12 வாரம் கொலாஜனோ போலிப் பொருளோ கொடுத்துப் பார்த்ததில் இரண்டுக்கும் வித்தியாசமே இல்லை. 2018இல் மூட்டுத் தேய்மானத்துக்கான 20 வகைச் சத்துப் பொருட்களை, 69 ஆய்வுகள் வழியாக அலசிய ஒரு பெரிய தொகுப்பு, உடைத்த கொலாஜன் குறுகிய காலத்தில் வலியைக் குறிப்பிடத்தக்க அளவு குறைப்பதாகச் சொன்னது. நீண்ட காலத்தில், எந்தச் சத்துப் பொருளும் வலியில் பொருட்படுத்தத்தக்க பலனைக் காட்டவில்லை என்றும் அதுவே சொன்னது. சான்றுகளின் தரம் பற்றியும் அவர்களுக்கு நல்ல அபிப்பிராயம் இல்லை.

இன்னொரு எண்ணை நேர்மையாக வைத்துவிட வேண்டும். மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு பயிற்சியைப் பற்றி வெளியிட்ட தொகுப்பு, 2024இல் புதுப்பிக்கப்பட்டது, 139 சோதனைகள், 12,000க்கும் மேற்பட்டவர்கள். அதில் போலிச் சிகிச்சையோடு ஒப்பிட்டால் பயிற்சியால் வலி 100க்கு 9 புள்ளி அளவில்தான் கூடுதலாகக் குறைகிறது. "பார்த்தீர்களா, பவுடருக்கு 16, உங்கள் பயிற்சிக்கு 9!" என்று ஒருவர் என்னிடம் சிரித்துக்கொண்டே கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் 519 பேரை வைத்துப் போட்ட கணக்கையும் 12,000 பேரை வைத்துப் போட்ட கணக்கையும் ஒரே தராசில் வைக்க முடியாது. சின்ன ஆய்வுகள் பலனை ஊதிக் காட்டும். பலன் வந்த சின்ன ஆய்வு அச்சாகிறது, வராதது அலமாரியில் தூங்குகிறது. கொலாஜன் ஆய்வுகள் பலவற்றுக்கு விற்கிறவர்களே செலவு செய்திருக்கிறார்கள், நான் மேலே சொன்ன 2016 இந்திய ஆய்வு உட்பட. அதனால் அவை பொய் என்று சொல்ல வரவில்லை. ஆனால் பெண் வீட்டார் சொல்லும் பெண்ணின் குணத்தைக் கேட்பது போல, தலையாட்டிவிட்டு நான்கு இடத்தில் விசாரிக்க வேண்டியதுதான். பயிற்சியின் எண்ணும் பல ஆண்டுகளுக்கு முன் இதைவிடப் பெரிதாகத்தான் இருந்தது, ஆய்வுகள் கூடக் கூட இறங்கியது. கொலாஜனுக்கு அந்தக் கட்டம் இன்னும் வரவில்லை.

ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2011இல், உடைத்த கொலாஜன் மூட்டைப் பராமரிக்கிறது என்று டப்பாவில் போட்டுக்கொள்ளக் கேட்ட அனுமதியை மறுத்தது. காரண காரிய உறவு நிறுவப்படவில்லை என்பது அவர்கள் தீர்ப்பு. அமெரிக்க வாதநோய் மருத்துவர் சங்கத்தின் 2019ஆம் ஆண்டு வழிகாட்டுதலிலும், பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு 2022இல் வெளியிட்டதிலும் கொலாஜன் பரிந்துரைகளில் இல்லை. (குளுக்கோசமைனை இரண்டுமே வேண்டாம் என்கின்றன. அம்மா அதையும் சேர்த்துக் குடித்துக்கொண்டிருந்தால் முதலில் அதை நிறுத்தலாம்.)

"ஆனால் குடித்த என் பெரியம்மாவுக்குச் சரியாகிவிட்டதே?" என்று அடுத்து வரும். வந்தே தீரும். பெரியம்மா பொய் சொல்லவில்லை. முழங்கால் வலியின் குணம் அது. ஒரு மாதம் ஏறும், ஒரு மாதம் இறங்கும். வலி உச்சத்தில் இருக்கும்போதுதான் நாம் டப்பா வாங்குகிறோம். அடுத்த மாதம் அது எப்படியும் கொஞ்சம் இறங்கியிருக்கும், பெயர் டப்பாவுக்குப் போய்விடும். 2006இல் 1,583 பேரை வைத்து நடந்த புகழ்பெற்ற குளுக்கோசமைன் சோதனையில், வெறும் போலி மாத்திரை சாப்பிட்டவர்களிலேயே 60 சதவீதம் பேருக்கு வலி ஐந்தில் ஒரு பங்காவது குறைந்திருந்தது. நிஜமான வலி மருந்து சாப்பிட்டவர்களில் அது 70 சதவீதம். 2024இல் எடைக் குறைப்பு ஊசி மருந்தான செமாகுளுடைடை முழங்கால் தேய்மானத்துக்குச் சோதித்தபோது, போலி ஊசி போட்டுக்கொண்டவர்களுக்கே வலி 100க்கு 27.5 புள்ளி இறங்கியது. (நிஜ ஊசிக்கு 41.7. அவர்களுக்கு எடையும் நன்றாகக் குறைந்தது.) ஒரு பொருள் வேலை செய்கிறதா என்று தெரிய, குடித்தவருக்குக் குறைந்ததா என்று கேட்டால் போதாது, குடிக்காதவரைவிட எவ்வளவு கூடுதலாகக் குறைந்தது என்று கேட்க வேண்டியிருப்பது இதனால்தான்.

இவ்வளவும் தெரிந்த பிறகும், உங்கள் அம்மா குடித்துப் பார்க்க ஆசைப்பட்டால் நான் தடுக்க மாட்டேன். பொதுவாக ஆபத்தில்லாத பொருள். வலி மாத்திரைகள் மாதிரி வயிற்றையும் சிறுநீரகத்தையும் பதம் பார்ப்பதில்லை. வயிறு கனத்த மாதிரி இருப்பது, ஏப்பம், வாயில் ஒரு மாதிரி சுவை, இவைதான் வழக்கமான புகார்கள். ஆனால் சிலர் யோசிக்க வேண்டும். சிறுநீரகக் கோளாறு இருந்து புரதத்தைக் குறைக்கச் சொல்லியிருந்தால் மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது. சிறுநீரகக் கல் வந்தவர்களும் கவனிக்க வேண்டும். முன்னே சொன்ன ஹைட்ராக்ஸிபுரோலின் உடம்பில், கல் உருவாகக் காரணமான ஆக்சலேட்டாக மாறும். 30 கிராம் ஜெலட்டின் கொடுத்துப் பார்த்த ஒரு ஆய்வில் சிறுநீரில் ஆக்சலேட் கணிசமாகக் கூடியது. 10 கிராமுக்கு அவ்வளவு இருக்காது, ஆனாலும் கல் அனுபவித்தவருக்கு அந்த வலி தெரியும், வலியப் போய் அழைக்க வேண்டாம். மீனோ கோழியோ ஒவ்வாமை இருந்தால் எதிலிருந்து எடுத்தது என்று பார்த்து வாங்க வேண்டும்.

சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: தாவரங்களில் கொலாஜன் கிடையாது. 'சைவக் கொலாஜன்' என்று விற்பவற்றில் பெரும்பாலும் இருப்பது அமினோ அமிலங்களும் வைட்டமின் சியும்தான். கொலாஜன் இழைகளை உடம்பு உறுதியாக முறுக்க வைட்டமின் சி தேவை என்பது உண்மை. அது அறவே இல்லாமல் போனால் ஈறில் ரத்தம் கசியும் ஸ்கர்வி நோய் வரும். ஆனால் ஒழுங்காகச் சாப்பிடுகிறவருக்கு அந்தக் குறை இருக்காது, கூடுதலாக விழுங்குவதால் கூடுதலாக முறுக்கும் ஏறாது.

வாங்கும்போது லேபிளில் முக்கியமாகப் பார்க்க வேண்டியவை இரண்டு: எந்த வகை, எத்தனை கிராம். "கொலாஜன் கலவை" என்று பொதுவாகப் போட்டு, ஐந்தாறு மூலிகையும் வைட்டமினும் சேர்த்து, ஒரு வேளைக்கு அரை கிராம் பெப்டைடு கொடுத்தால், ஆய்வில் சோதித்த பொருளுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அப்புறம், மூட்டு வலிக்கென்று வரும் எந்தச் சத்து மாத்திரையாவது இரண்டே நாளில் மாயம் செய்தால் சந்தோஷப்படாதீர்கள், சந்தேகப்படுங்கள். அப்படிச் சிலவற்றில் லேபிளில் சொல்லாமலே டைக்ளோஃபெனாக் என்ற வலி மருந்தும் டெக்சாமெதாசோன் என்ற ஸ்டீராய்டும் கலந்திருந்ததை அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2022இல் கண்டுபிடித்து எச்சரித்தது.

எப்படிச் சோதிப்பது? ஒரு நோட்டு போதும். குடிக்க ஆரம்பிப்பதற்கு இரண்டு வாரம் முன்பே எழுதத் தொடங்கச் சொல்லுங்கள். தினமும் ஒரே வேலையைச் செய்யும்போது, உதாரணமாக மாடிப்படி இறங்கும்போது, பத்துக்கு எத்தனை வலி. வாரத்துக்கு எத்தனை வலி மாத்திரை. கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து 30 நொடியில் எத்தனை தடவை எழுந்து உட்கார முடிகிறது. இந்த மூன்று எண்கள். பிறகு 12 வாரம் குடிக்கட்டும். நடுவில் வேறு எந்தப் புது மருந்தையும் தைலத்தையும் ஆரம்பிக்க வேண்டாம், ஆரம்பித்தால் எது எதனால் என்று பிரிக்க முடியாது. 12 வாரம் கழித்து எண்களில் இரண்டு புள்ளிகூட மாற்றமில்லை என்றால் டப்பாவுக்கு விடை கொடுத்துவிடலாம். மாற்றம் இருந்தால் ஒரு மாதம் நிறுத்திப் பாருங்கள். வலி திரும்பி வந்தால் அம்மா உண்மையிலேயே பலன் பெறும் சிலரில் ஒருவராக இருக்கலாம். வராவிட்டால், அது தானாகக் குறைந்த வலியாக இருக்கலாம்.

பயிற்சியை மட்டும் இந்தச் சோதனை முடியட்டும் என்று தள்ளிப்போட வேண்டாம். நோட்டு எழுதும் அந்த முதல் இரண்டு வாரத்துக்கு முன்பே தொடங்கிவிட்டால் கணக்கும் அதிகம் குழம்பாது. தொடையின் முன்பக்கத் தசைதான் முழங்காலின் அதிர்ச்சி தாங்கி. வலி வந்ததும் நாம் காலைப் பயன்படுத்துவதைக் குறைக்கிறோம், தசை இளைக்கிறது, மூட்டின் மேல் சுமை கூடுகிறது, வலி இன்னும் கூடுகிறது. இந்தச் சுழலைப் பவுடரால் அறுக்க முடியாது. அம்மாவுக்கு நான் சொல்லக்கூடியது எளிமையானது: உயரமான நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, படுத்தபடி முழங்காலை மடக்காமல் காலை உயர்த்திப் பிடிப்பது, தாழ்ந்த ஒரு படியில் ஏறி இறங்குவது, முடிந்த தூரம் நடப்பது. வாரத்துக்கு மூன்று நாளாவது. செய்யும்போது கொஞ்சம் வலித்தால் பயப்பட வேண்டாம், தேய்ந்துவிடாது. மறுநாள் அதே நேரத்துக்குள் வலி பழைய நிலைக்கு இறங்கிவிட்டால் அளவு சரி. இறங்காவிட்டால் எண்ணிக்கையைப் பாதியாக்கினால் போதும், நிறுத்த வேண்டியதில்லை. எட்டு வாரத்துக்கு முன்னால் முடிவு கட்டாதீர்கள்.

எடை கூடுதலாக இருந்தால் அதற்கும் ஒரு கணக்கு உண்டு. ஒரு கிலோ குறைத்தால், நடக்கும் ஒவ்வொரு அடியிலும் முழங்காலின் மேல் விழும் சுமை ஏறக்குறைய நான்கு கிலோ குறைகிறது என்று 2005இல் அளந்து சொன்னார்கள். 2013இல் 454 பேரை வைத்து 18 மாதம் நடந்த ஆய்வில், சாப்பாட்டுக் கட்டுப்பாடும் பயிற்சியும் சேர்ந்து எடையில் பத்தில் ஒரு பங்கு குறைத்தவர்களுக்கு வலி பாதியாகக் குறைந்தது. இதைச் சொல்வது சுலபம், செய்வது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். டப்பா விற்பதற்குக் காரணமே அதுதான்.

இவையெல்லாம் சாதாரணத் தேய்மான வலிக்குப் பேசியவை. மூட்டு திடீரென்று சிவந்து, சுட்டு, காய்ச்சலும் வந்தால் அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். அது தொற்றாக இருக்கலாம். விழுந்தபின் கால் ஊன்ற முடியவில்லை, முழங்கால் நடுவில் பூட்டிக்கொண்டு நீட்ட வரவில்லை, காலையில் பல மூட்டுகள் அரை மணி நேரத்துக்கு மேல் விறைத்துக் கிடக்கின்றன, படுத்திருந்தாலும் இரவெல்லாம் வலிக்கிறது என்றால் கொலாஜனைப் பற்றி யோசிக்கும் நேரம் அது இல்லை. இன்னொன்றும் உண்டு: இடுப்பு மூட்டு கெட்டால் சிலருக்கு வலி முழங்காலில்தான் தெரியும். அம்மாவுக்குக் காலை உள்பக்கம் திருப்பும்போது தொடை இடுக்கில் வலித்தால் இடுப்பையும் ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள்.

12 வாரம் முடிந்து பலனில்லை என்று முடிவு செய்தபின் டப்பாவில் மீதி இருந்தால் கொட்ட வேண்டாம். அதுவும் புரதம்தான். ஆனால் டிரிப்டோஃபேன் என்ற அத்தியாவசிய அமினோ அமிலம் அதில் இல்லாததால், அன்றைய சாப்பாட்டுப் புரதத்துக்கு மாற்றாகக் கணக்கில் எடுக்காமல், அதோடு சேர்த்துக் குடித்துத் தீர்த்துவிடலாம்.